பாயிண்ட் தாண்டும்போது அறுந்துபோகும் எஞ்சின் சத்தம்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆறடிப் பலகையில் நீடாமங்கலம் ஜங்ஷனையும் மன்னார்குடிக் கடைசி ஸ்டேஷனையும் ‘என்’ ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு அளவுள்ள மாடல் ரயிலாக அமைத்திருக்கிறாராம். வெளிநாட்டு ஆல்கோ டீசல் எஞ்சின் மாடல் ஒன்றை வாங்கி, நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் போலப் பெயின்ட் அடித்து, உள்ளே கட்டளையைப் படித்து எஞ்சினை ஓட்டிச் சத்தமும் எழுப்பும் டிஜிட்டல் சவுண்ட் டிகோடர் பொருத்தியிருக்கிறார். பிளாட்பாரத்தில் நிற்கும்போது நன்றாகப் பாடுகிறது. பாதை பிரியும் பாயிண்ட் மேல் ஏறியதும் சத்தம் அறுந்துபோய், எஞ்சினைப் புதிதாக ஸ்டார்ட் செய்வதுபோல முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மின்சாரம் சேமிக்கும் கெப்பாசிட்டர் வைக்கலாம் என்றால் உள்ளே ஒரு நூல் இடம்கூட இல்லை. சத்தமும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. என்ன செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, நான் கும்பகோணத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். பகலெல்லாம் போன் போர்டு, ராத்திரியில் குட்டி ரயில். இரண்டுக்கும் ஒரே சால்டரிங் அயர்ன், ஒரே பூதக்கண்ணாடி. உங்களுக்கு வந்திருக்கும் இதே தொல்லையோடு நானும் நிறைய ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: கெப்பாசிட்டருக்கு இடம் தேடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். முதலில் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் சரியானால் தேவைப்படுகிற கெப்பாசிட்டர் சிறியதாகிவிடும். அது சிறியதானால் இடம் தானே கிடைத்துவிடும்.

பழைய டி.சி. முறையில் இதே எஞ்சின் இதே பாயிண்டில் ஓடியிருந்தால் உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. கண் சிமிட்டும் நேரம் கரன்ட் போனாலும் மோட்டாரிலுள்ள ஃப்ளைவீல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நீங்கள் டிகோடர் வைத்து ஓட்டும் டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டளை முறையில் அப்படி இல்லை. தண்டவாளத்தில் கரன்டும் கட்டளையும் ஒன்றாகவே வருகின்றன. டிகோடர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கு ஒரு நொடியின் சிறு பங்கு கரன்ட் இல்லாவிட்டாலும் அணைந்து, மறுபடி எழுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். சத்தம் இல்லாத டிகோடரில் அது ஒரு சின்ன உதறலாக முடிந்துவிடும். சவுண்ட் டிகோடரில் ஊருக்கே கேட்கும். ஆக உங்கள் பலகையில் இந்தக் குறை முன்பும் இருந்திருக்கிறது. சத்தம் வைத்த பிறகு காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

இப்போது பாயிண்டைப் பார்ப்போம். நடுவில் இரண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை ஃப்ராக் என்கிறோம். அது பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கே கரன்ட் கிடையாது. ‘என்’ ஸ்கேல் பாயிண்டில் அந்தச் செத்த பகுதி 15 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சினோ ஆறு அச்சு, பன்னிரண்டு சக்கரம். நிஜ டபிள்யூ.டி.எம்.2 சுமார் 17 மீட்டர் நீளம், 160-ல் ஒரு பங்கு என்றால் 107 மி.மீ. எஞ்சினுக்கு அடியில் முன்னும் பின்னும் சக்கரங்கள் பூட்டிய சட்டத்தைப் போகி என்கிறோம். ஒரு போகி ஃப்ராக் மேல் இருக்கும்போது மற்றது ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி நல்ல தண்டவாளத்தில்தான் நிற்கிறது. பன்னிரண்டு சக்கரமும் கரன்ட் எடுத்தால் 15 மி.மீ. செத்த பகுதியில் இந்த எஞ்சின் அணைய வழியே இல்லை. அணைகிறது என்றால் ஒரு போகி வேலை செய்யவில்லை. அல்லது பாயிண்டின் நகரும் நாக்கைத் தாண்டி தண்டவாளத்துக்கே கரன்ட் போகவில்லை. இரண்டில் ஒன்று.

கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சினை நேர்ப் பாதையில் வைத்து, பின் போகிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுங்கள். லைட் எரிகிறதா, சத்தம் நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு காகிதத்தை முன் போகிக்கு மாற்றுங்கள். எந்தப் பக்கம் காகிதம் வைத்தால் அணைகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கத்துப் போகிதான் குற்றவாளி. அடுத்து எஞ்சினை மல்லாத்தி, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை டிகோடரின் சிவப்பு ஒயரிலும் மறுமுனையை வலப்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றிலும் தொடுங்கள். கறுப்பு ஒயருக்கு இடப்பக்கச் சக்கரங்கள். சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கேளுங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அச்சு முனை உட்காரும் பித்தளைத் தகட்டில் அழுக்கு. ரப்பர் டயர் போட்ட சக்கரம் இருந்தால் அது கரன்ட் எடுக்காது. இழுவை குறைந்தாலும் பரவாயில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு உலோகச் சக்கரம் மாற்றலாம். நம் பலகையில் மலை ஏற்றமா இருக்கிறது? நாலு பெட்டியை இழுத்தால் போதும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரம் வீட்டுக்குள்ளேயே நிற்கும். தை மாசியில் சம்பா அறுவடைத் தூசி ஜன்னலைச் சாத்தினாலும் நுழைந்துவிடும். நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்று வேறு. தண்டவாளங்களை இணைக்கும் ஜாயினருக்குள் ஒரு மழைக்காலம் முடிந்ததும் பச்சை படிந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஜாயினரை நம்பாதீர்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும், பாயிண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியிலிருந்து தனி ஒயர் கொடுத்துவிடுங்கள். நாக்கு உரசுவதால்தான் கரன்ட் போக வேண்டும் என்ற நிலையே இருக்கக் கூடாது. நாக்கையும் பக்கத்துத் தண்டவாளத்தையும் மெல்லிய ஜம்பர் ஒயரால் நிரந்தரமாக இணைத்துவிட்டால் நீடாமங்கலத்துப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்தது. உலோக ஃப்ராக் உள்ள பாயிண்டில் மட்டும் முதலில் நாக்குக்கும் ஃப்ராக்குக்கும் உள்ள மின் தொடர்பை வெட்ட வேண்டும். வெட்டாமல் ஜம்பர் போட்டால் ஷார்ட் ஆகும்.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சமிருப்பது தூசித் துணுக்கும் சக்கர அழுக்கும் தரும் நொடிப்பொழுது அறுப்புதான். அதற்குத்தான் கெப்பாசிட்டர். இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். நான் யாருக்குச் சொன்னாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மெதுவாக ஓடும் ‘என்’ ஸ்கேல் எஞ்சின், மோட்டாரும் சத்தமும் சேர்த்து 0.2 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். டிகோடருக்குள் 11 வோல்ட் இருக்கிறது, 6 வோல்ட் வரை இறங்கினாலும் டிகோடர் தாக்குப்பிடிக்கும் என்று கொள்வோம். இறங்க இடம் 5 வோல்ட். கெப்பாசிட்டரின் ஃபாரட் அளவை 5-ஆல் பெருக்கி 0.2-ஆல் வகுத்தால் எத்தனை நொடி தாங்கும் என்று வந்துவிடும். 220 மைக்ரோஃபாரட் டான்டலம் கெப்பாசிட்டர் பத்தைச் சேர்த்தால் 2200 மைக்ரோஃபாரட், அதாவது 0.0022 ஃபாரட். விடை 0.055 நொடி. நிஜத்தில் 20 கி.மீ. வேகம் என்பது நம் பலகையில் நொடிக்கு 35 மி.மீ. ஆக, பத்து டான்டலமும் சேர்ந்து எஞ்சினை 2 மி.மீ. தூரம் காப்பாற்றும். தூசித் துணுக்குக்கு 2 மி.மீ. தாராளம். ஃப்ராக்குக்குப் போதவே போதாது. சக்கரத்தைக் கவனிக்காமல் டான்டலம் வைத்தவர்கள் ‘கெப்பாசிட்டர் வைத்தும் பிரயோஜனமில்லை’ என்று சலித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

சூப்பர் கெப்பாசிட்டர் கதை வேறு. ஒன்று 2.7 வோல்ட்தான் தாங்கும், அதனால் ஐந்தை வரிசையாகக் கோக்க வேண்டும். மொத்தம் 13.5 வோல்ட் தாங்கும். 1 ஃபாரட் ஐந்தைக் கோத்தால் மொத்தம் 0.2 ஃபாரட். அதே கணக்கில் 5 நொடி, 175 மி.மீ. தூரம்! ஒரு பாயிண்ட் முழுவதையும் கரன்டே இல்லாமல் தாண்டிவிடும். ஆனால் ஒவ்வொன்றும் 8 மி.மீ. விட்டம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். ஐந்தையும் உங்கள் எஞ்சினுக்குள் வைக்க முடியாது. ஒற்றை சூப்பர் கெப்பாசிட்டரும் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் சின்ன போர்டும் சேர்ந்து ரெடிமேடாக வருகின்றன. ‘என்’ ஸ்கேலைவிடப் பெரிய எச்.ஓ. ஸ்கேல் எஞ்சினுக்கு அதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ‘என்’ ஸ்கேலில் அதற்காக உலோக ஃப்ரேமை அறுக்க வேண்டிவரும். அறுத்தால் எடை குறையும். எடை குறைந்தால் சக்கரம் தண்டவாளத்தை அழுத்துவதும் குறையும், கரன்ட் எடுப்பதும் கெடும். எதைச் சரிசெய்யப் போனோமோ அதையே கெடுத்துக்கொள்கிற வேலை. ஆகவே உங்களுக்கு என் பதில் டான்டலம்தான்.

டான்டலம் ஒன்று ஏறக்குறைய 7 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம். பத்தையும் ஒரே இடத்தில் அடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டிரைவர் கேபின் கூரைக்கு அடியில் இரண்டு, டீசல் டேங்க் உள்குழியில் மூன்று, டிகோடர் மேல் சூடு தாங்கும் கேப்டான் டேப் ஒட்டி அதன்மேல் இரண்டு என்று கிடைத்த இடத்தில் வைத்து, எல்லாவற்றின் பிளஸ்ஸையும் ஒன்றாக, மைனஸ்ஸையும் ஒன்றாக இணைத்தால் போதும். 16 வோல்ட் ரகம் வைப்பதானால் டி.சி.சி. பெட்டியில் தண்டவாள வோல்டேஜை 12-க்கு இறக்கிவிடுங்கள். 25 வோல்ட் ரகம் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். சிப் டான்டலத்தில் பட்டை போட்ட பக்கம் பிளஸ். ரேடியோ, டிவி வேலை பழகிய கை இங்கே தவறிவிடும். தலைகீழாகக் கொடுத்த டான்டலம் சூடாகிப் பற்றிக்கொள்ளும், பிளாஸ்டிக் பாடிக்குள் அது நடக்கக் கூடாது.

பிளஸ் போகவேண்டிய இடம் டிகோடரின் நீல ஒயர். மைனஸ் போகவேண்டியது டிகோடரின் கிரவுண்ட். கறுப்பு ஒயர் கிரவுண்ட் அல்ல, அது இடப்பக்கத் தண்டவாளம். நிறையப் பேர் இதில்தான் டிகோடரைப் பலி கொடுக்கிறார்கள். குட்டி டிகோடர்களில் கிரவுண்டுக்குத் தனி ஒயர் வராது, போர்டில் ஒரு கடுகளவு பேட் மட்டும் இருக்கும். கம்பெனி கொடுத்த படத்தைப் பார்த்து உறுதிப்படுத்தாமல் அயர்னைத் தொடாதீர்கள். அந்தப் பேடில் நான் போன் போர்டுக்குப் போடும் எனாமல் ஜம்பர் ஒயரைத்தான் வைக்கிறேன். பேடில் ஒரு துளி ஃப்ளக்ஸ், ஒயர் நுனியில் முன்கூட்டியே ஈயம், அயர்ன் நுனி ஒரே ஒரு நொடி. ஈயம் மின்னிப் பரவிய கணத்தில் எடுத்துவிட வேண்டும். பிறகு பச்சை யு.வி. சால்டர் மாஸ்க் ஒரு சொட்டு வைத்து லைட் காட்டினால் ஒயர் இழுத்தாலும் பேடோடு பெயராது. வீட்டில் அந்த வசதி இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் நல்ல மொபைல் மெக்கானிக்கிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள், பத்து நிமிட வேலை.

நீல ஒயருக்கும் கெப்பாசிட்டர் பிளஸ்ஸுக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்குப் பக்கவாட்டில் ஒரு டயோடு. டயோடின் கோடு போட்ட முனை நீல ஒயர் பக்கம். ரெசிஸ்டர் வழியாக மெதுவாக சார்ஜ் ஏறும், டயோடு வழியாகத் தடையில்லாமல் வெளியே வரும். இது இல்லாமல் நேரடியாக இணைத்தால், கரன்ட் கொடுத்த கணத்தில் காலிக் கெப்பாசிட்டர் ஷார்ட் போலத் தெரியும். நாலைந்து எஞ்சின் அப்படி நின்றால் டி.சி.சி. பெட்டி ஷார்ட் என்று நினைத்து நின்றுவிடும். டிகோடர் செட்டிங்கை மாற்றும் புரோகிராமிங் தண்டவாளத்திலும் டிகோடரைப் படிக்க முடியாமல் எரர் வரும். 2200 மைக்ரோஃபாரட் 100 ஓம் வழியாக ஒரு நொடிக்குள் நிரம்பிவிடும். எச்.ஓ.-வில் 0.2 ஃபாரட் வைப்பவர்கள் 220 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டு, பிளாஸ்டிக் பாடியில் படாமல் வைக்க வேண்டும். அது நிரம்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை சோதித்து ஏமாற வேண்டாம்.

இன்னொரு இடம் மோட்டார். ‘என்’ ஸ்கேலில் ஃப்ரேமின் இரண்டு பாதியுமே கரன்ட் சுமக்கும். மோட்டாரின் இரண்டு முனையும் ஃப்ரேமைத் தொடவே கூடாது. என் முதல் டிகோடர் இப்படித்தான் போனது. பிரஷ் தகடு ஒன்று அரை மில்லிமீட்டர் வளைந்து ஃப்ரேமில் பட்டுக்கொண்டிருந்தது. நான் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. தண்டவாளத்தில் வைத்த பத்து நொடியில் அந்தக் கருகல் வாடை. மாதக் கணக்கில் சேர்த்து வாங்கிய பொருள். அன்றிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு ஒயருக்கும் சாம்பல் ஒயருக்கும் எந்தச் சக்கரத்தோடும் பீப் வரக் கூடாது என்று பார்த்த பிறகுதான் பாடியை மூடுகிறேன்.

டிகோடரின் ஒவ்வொரு செட்டிங்குக்கும் சி.வி. என்று ஒரு நம்பர் உண்டு. அதில் மறக்கக் கூடாதது சி.வி.29. அதில் டி.சி. கரன்டிலும் ஓடலாம் என்ற அனுமதி பொதுவாகத் திறந்தே வரும். கெப்பாசிட்டர் வைத்த எஞ்சினில் அதை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் கட்டளை வராமல் கரன்ட் மட்டும் இருக்கிற நேரத்தில் எஞ்சின் தன்போக்கில் ஓடப் பார்க்கும். மதிப்பு 6 இருந்தால் 2 ஆக்குங்கள். எஞ்சினை அழைக்க நீள நம்பர் வைத்திருந்து 38 இருந்தால் 34.

இனி தகர டப்பா சத்தம். தம்பி கேள்வியில் இதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எனக்கு இதுதான் மனதுக்கு நெருக்கமான பகுதி.

ஸ்பீக்கரின் தாள் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டும் ஓரத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். முதலில் போவது கனமான கீழ்ச்சத்தம். மிச்சம் நிற்பது கீச்சுக் குரல், அதுதான் உங்கள் தகர டப்பா. பின்பக்கத்தை ஒரு பெட்டியால் காற்றுப் புகாமல் அடைத்தால் சத்தம் சட்டென்று கனத்துவிடும். போனில் அடிப்பக்கம் இருக்கும் ரிங்கரைக் கழற்றிப் பார்த்தால் கம்பெனிக்காரனே இதைச் செய்து வைத்திருப்பது தெரியும். சிலதில் ஸ்பீக்கரும் பிளாஸ்டிக் அறையும் ஒரே துண்டாக இருக்கும். ரிங்கர் பெரும்பாலும் 8 ஓம். மீட்டரில் 7 சொச்சம் காட்டும். காதில் வைத்துப் பேசும் இயர் ஸ்பீக்கரை எடுத்துவிடாதீர்கள். அது 32 ஓம் வரை இருக்கும், சத்தம் எறும்பு ஊர்கிற மாதிரிதான் வரும்.

உங்கள் எஞ்சினின் உள்ளகலத்துக்கு 8×12 மி.மீ. ஸ்பீக்கர் பொருந்தும். அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் பெட்டி கட்டி, பி-7000 பசையால் ஓரமெல்லாம் அடையுங்கள். ஒயர் வெளியே வரும் துளையையும் அடையுங்கள், முக்கால்வாசிப் பேர் விடுவது அந்தத் துளையைத்தான். காய்ந்த பிறகு எஞ்சின் சத்தத்தை ஓடவிட்டு, பெட்டியின் மூட்டுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது குரல் தடிக்கிறதோ அங்கே ஓட்டை.

இவ்வளவு செய்தாலும் விரல் நக அளவு ஸ்பீக்கர் நிஜ எஞ்சினின் அடிநாதத்தைத் தராது. டபிள்யூ.டி.எம்.2-இன் ஆல்கோ 251 எஞ்சினுக்கு 16 சிலிண்டர், சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. நாலு ஸ்ட்ரோக் என்பதால் நொடிக்கு 53 வெடிப்பு. முழு வேகமான 1000 சுற்றில் 133. நம் குட்டி ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. நாம் கேட்பது அந்த அடிநாதத்தின் மேல் அடுக்குகளையும் டர்போவின் ஊளையையும்தான், மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்கிறது. அதனால் ஈக்வலைசரில் பாஸைக் கூட்டினால் கனம் வரும் என்று நினைக்காதீர்கள். தாள் வீணாக உதறி, இருக்கிற சத்தமும் பிசிறும். பாஸைக் குறையுங்கள், நடுச்சத்தம் துலங்கும். மீட்டர் கேஜ் காலத்து ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சினை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னும் சிரமம். அதற்கு 6 சிலிண்டர்தான், அதே 400 சுற்றில் நொடிக்கு 20 வெடிப்பு. சின்ன வயதில் கும்பகோணம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அந்தத் துடிப்பைக் காதால் கேட்டதைவிட நெஞ்சால் கேட்டதுதான் அதிகம். அதில் வேகமான மேல் தட்டலைத் தெளிவாகப் பதிந்த சவுண்ட் ஃபைலைத் தேடி எடுப்பது ஒன்றே வழி.

ஸ்பீக்கரை எஞ்சினுக்குப் பின்னால், கார்டும் லக்கேஜும் போகும் எஸ்.எல்.ஆர். பெட்டியில் வைத்து மெல்லிய ஒயரால் இணைக்கிறவர்களும் உண்டு. இடம் தாராளம், சூப்பர் கெப்பாசிட்டர்கூட உட்காரும், அந்தப் பெட்டியின் சக்கரமும் கரன்ட் எடுக்கும். ஆனால் மன்னார்குடி கடைசி ஸ்டேஷன். எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவர வேண்டும். ஒயரால் கட்டிப்போட்ட எஞ்சினால் அது முடியாது.

கடைசியாக வால்யூம். நீங்கள் எந்தக் கம்பெனி டிகோடர் என்று எழுதவில்லை. லோக்சவுண்டாக இருந்தால் மொத்த வால்யூம் சி.வி.63, அதிகபட்சம் 192. அதை 60-க்கு இறக்குங்கள். ஸ்பீக்கர் பிசிறாது, கெப்பாசிட்டரில் இருக்கிற கொஞ்சம் கரன்டும் கூடுதல் நேரம் வரும். ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் நீடாமங்கலம் பாயிண்டுகள் எல்லாவற்றின் மேலும் ஒருமுறை ஊரவிடுங்கள். எங்கே ஒரு விக்கல் கேட்கிறதோ அந்தத் தண்டவாளத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் காலையில் அயர்னைச் சூடாக்க வேண்டிய இடம் அது.